கல்யாண வண்டிக்கு ஒரு ஸ்பேசர்

போன வாரம் ஒரு கல்யாண வண்டியை வெடிகுண்டு வண்டியாக மாற்றிய பெருமை எனக்குக் கிடைத்தது. கையால் எதையும் தொடவில்லை. வாயாலேயே செய்து முடித்தேன்.

கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் என் அடுத்த வீட்டுக்காரர் செல்வராஜ். சொந்தமாக ஒரு ஜப்பான் வேன் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறார். மூத்த மகள் ராஜிக்குக் கொழும்பில் கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை வீட்டில் பெண்ணழைப்பு. தகப்பனிடம் வேன் இருக்கும்போது மகள் வேறு வாகனத்தில் போவாளா? வேனுக்கு அலங்காரம் தொடங்கியது. பூ, ரிபன், கண்ணாடியில் ஒரு ஜோடிக் கிளி... அதோடு விட்டிருக்கலாம். பின்பக்கத்துக்கு அகலமான இரண்டு அலோய் வீல்களும் வாங்கிவிட்டார்.

ஏன் பின்பக்கம் மட்டும்? வீடியோக்காரர் பின்னால் இருந்துதானே எடுத்துக்கொண்டு வருவார். தர்க்கம் சரி.

அகல வீல் உள்ளே ஸ்பிரிங்கில் உரசியது. உரசினால் அளவான வீலாகப் பார்த்து மாற்றலாம். அது சாதாரண மூளை. அபார மூளை உள்ளவர்கள் ஸ்பேசர் போடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தைப் பூட்டுகிற தட்டுக்கு ஹப் என்று பெயர். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தடித்த உலோக வட்டைப் பொருத்தி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளுவதுதான் ஸ்பேசர். வட்டை முதலில் ஹப்போடு நட் போட்டு இறுக்க வேண்டும். பிறகு வட்டின் மேல் சக்கரத்தை வைத்து, வேறு நட்டுகள் போட்டு இறுக்க வேண்டும். வெளியே தெரிவது இந்தக் கடைசி நட்டுகள் மட்டும். மற்றவை சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உயிர் தொங்குவது ஒளிந்திருப்பதில்.

முறையாகப் பொருத்தினால் ஸ்பேசரில் தப்பில்லை. நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். தொடுகிற முகங்கள் வெறும் உலோகமாக இருக்க வேண்டும் — துரு, பெயின்ற், கிரீஸ் எதுவும் கூடாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். கொஞ்சத் தூரம் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி, உள் நட்டுகளை மறுபடியும் இறுக்க வேண்டும். அரசாங்க வேர்க்‌ஷொப்பில் ஓய்வு பெறும் நாள்வரை இப்படியானவற்றைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் குறைவு. அதற்காக நான் சொல்லாமல் விட்டதில்லை.

இனக்கலவரத்தில் என் காரைக் கொளுத்தினார்கள். மறுநாள் அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கப் போனபோது சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பராமரிப்பில் குறை சொல்ல முடியாது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். புறப்படும் காலையில், அந்த வேனிலேயே கூடப் போகிற நான் வெளி நட்டுகளைச் சோதித்தேன். இறுக்கம்.

“செல்வராஜ், உள் நட்டுகளை ஒருக்கா ஓடிப்போட்டு இறுக்கினனீரோ?”

“நேத்து அந்திக்குத்தானுங்க பூட்டுனேன். இன்னிக்குத்தான் ஓடவே போகுது.”

“அப்ப பேராதனையில நிப்பாட்டி, சில்லைக் கழட்டி இறுக்க வேணும்.”

“என்னாங்கய்யா நீங்க. நல்ல நேரத்துல கெளம்புற பொண்ணு வண்டி நடுவுல நிக்கலாமா? அபசகுனமுங்க.”

நல்ல நேரத்தில் புறப்பட்டோம். பேராதனைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமி நிறுத்தியது. எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டை, பூக்கூடை, சேலைப் பெட்டி, பலகாரப் பெட்டி எல்லாம் பார்த்தார்கள். பிலிமத்தலாவையில் மறுபடியும் நிறுத்தினார்கள். மறுபடியும் இறங்கினோம். நான் நிறுத்தச் சொன்னால்தான் அபசகுனம். ஆமி நிறுத்தினால் இல்லை. சகுனத்துக்கும் அவசரகாலச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது போலும்.

இரண்டு இடத்திலும் ஒருவர் நீளக் கம்பில் கட்டிய கண்ணாடியை வேனுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். இந்த நாட்டில் வாகனங்களின் அடிவயிற்றை எத்தனை பேர் எத்தனை தடவை குனிந்து பார்க்கிறார்கள். ஒருவராவது ஒரு நட்டைத் திருகிப் பார்க்கிறாரா?

பிலிமத்தலாவை தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... பிறகு வேன் இடுப்பை ஆட்டத் தொடங்கியது.

“நிப்பாட்டும்,” என்றேன்.

“ரோட்டு சரியில்லீங்க ஐயா.”

“ரோட்டு சரியில்லையெண்டால் முன்னுக்கும் ஆடும். ஆடுறது பின்னுக்கு.”

செல்வராஜ் கியர் மாற்றினார். எதிரே கடுகண்ணாவை. அதற்கப்பால் கணவாய் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காற்று. பின் சில்லு கழன்றால் எந்தப் பக்கம் போவது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

பின்சீட்டில் இருந்து ராஜியின் குரல் வந்தது. “அப்பா, ஐயா சொல்றாங்கல்ல. நிப்பாட்டுங்க.”

“பொண்ணு வண்டிம்மா...”

“பள்ளத்துல போய் விழுந்தா நல்ல சகுனமா?”

“கல்யாணப் பொண்ணு பேசுற பேச்சா இது?” என்றார் தாய்.

செல்வராஜ் நிறுத்தினார். எங்கே? கடுகண்ணாவைச் சோதனைச் சாவடிக்கு நேர் முன்னால். சொன்னால் மட்டும் நிற்க வேண்டிய இடத்தில், யாரும் சொல்லாமல் நின்றோம். துவக்கை உயர்த்தியபடி ஒரு சிப்பாய் வந்தார். பின்னால் கோப்ரல்.

நான் இறங்கினேன். என்னுடைய சிங்களம் அலுவலகச் சிங்களம். வாயைத் திறந்தால் அரசாங்கச் சுற்றுநிருபம் வரும்.

“இந்த வாகனத்தின் சக்கரத்துக்குப் பின்னால், வெளியே தெரியாதவாறு ஓர் உலோகப் பொருள் பொருத்தப்பட்டுள்ளது. அது உங்கள் கண்ணாடியில் தென்படாது. உடனடியாக அகற்றாவிட்டால் பாரிய அனர்த்தம் ஏற்படும்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கோப்ரல் பின்னால் நகர்ந்தார். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் தலையைக் கீழே இழுத்தார்கள். வீதியை மூடினார்கள். எங்களை வேனில் இருந்து தள்ளி வரிசையில் நிற்க வைத்தார்கள். கண்டிப் பக்கம் பஸ்கள் குவிந்தன.

“யார் பொருத்தியது?” கோப்ரல் கேட்டார்.

“நான்தானுங்க சேர்,” என்று செல்வராஜ் கையைத் தூக்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த ஒரு சொல்லுக்காக ஏற்றிக்கொண்டு போய் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்த ஆட்களை எங்கள் ஊரிலேயே தெரியும். நாளைக்கு மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய கை அது.

கண்டியில் இருந்து ஒரு வெடிகுண்டுக் குழு வர வேண்டும், அதுவரை யாரும் வேனைத் தொடக் கூடாது என்றார் கோப்ரல். எப்போது வரும்? பின்னேரம் வரலாம். நாளைக்கும் வரலாம்.

“அது வெறும் ஸ்பேசர். நானே கழற்றிக் காட்டுகிறேன்,” என்றேன்.

“மாத்தையா, மறைத்து வைத்த சாமான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது.”

நடைமுறையாம். என்னிடம். ஆனால் அவர் சொன்னது சரி. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், மூன்று பிரதியில்.

ராஜி கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறவள். காலை முதல் மாலைவரை சிங்களத்தில் பேரம் பேசுகிறவள். வரிசையை விட்டு விலகி நடந்தாள். வேனில் இருந்து தன் சேலைப் பெட்டியை இழுத்தெடுத்தாள். அதைப் பின் சில்லுக்குப் பக்கத்தில் வைத்து, சில்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

“அக்கா, தள்ளிப் போங்க,” என்றார் சிப்பாய். துவக்கு அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“தம்பி, நாளைக்கு எனக்குக் கல்யாணம்,” என்றாள் சிங்களத்தில். “வெடிக்கிற சாமானுக்குப் பக்கத்தில உட்கார எனக்கென்ன பைத்தியமா? நட் லூஸ். அவ்வளவுதான். அப்பா கழட்டட்டும், நீங்க பாருங்க. நான் எழும்ப மாட்டேன்.”

தாய் மட்டும் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கோப்ரல் ராஜியைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“கழற்று,” என்றார்.

செல்வராஜ் ஜக் வைத்து வேனைத் தூக்கினார். சில்லு கழன்றது. உள்ளே ஸ்பேசரின் நட்டுகளை நான் விரலால் தொட்டேன். போத்தல் மூடி மாதிரிச் சுழன்றன. அவற்றைக் கழற்றி ஸ்பேசரை இழுத்ததும் அதற்கும் ஹப்புக்கும் நடுவில் இருந்து மஞ்சளும் சிவப்புமாக ஏதோ பொலபொலவென்று கொட்டியது.

“என்ன தூள் இது?” கோப்ரலின் குரல் மறுபடியும் மாறியது. குனிந்து, விரலில் தொட்டு மணந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. “சந்தனமா?”

“கோயில்ல வச்சுப் பூச போட்டேனுங்க,” என்றார் செல்வராஜ். “வெளிப்பக்கம் பொட்டு வச்சா மழைக்குக் கழுவிக்கிட்டுப் போயிடும்னு சந்தனம் குங்குமம் ரெண்டையும் உள்பக்கமா அப்பிவிட்டேன்.”

“அப்பினீரோ?”

“நல்லா தடிப்பாத்தான் ஐயா.”

காய்ந்த சந்தனத்தின் மேல் நட்டை இறுக்கினால் இறுகியது போலத்தான் இருக்கும். நாலு மைல் குலுங்கினால் சந்தனம் பொடியாகும். பொடியானதும் இடைவெளி. இடைவெளி வந்ததும் நட்டுக்கு விடுதலை. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் பக்தி நுழைந்தால் இப்படித்தான். எங்கள் வேர்க்‌ஷொப் விதிகளில் துரு உண்டு, பெயின்ற் உண்டு, கிரீஸ் உண்டு. சந்தனம் இல்லை. எழுதியவர்களுக்குக் கற்பனை போதவில்லை.

நல்ல வேளை, கொழும்பில் விற்கலாம் என்று பழைய சில்லுகள் இரண்டையும் வேன் கூரையில் கட்டியிருந்தார். மற்றப் பக்கத்தையும் கழற்றினோம். அங்கேயும் சந்தனாபிஷேகம். ஹப்புகளைத் துடைத்துப் பழைய சில்லுகளைப் பூட்டினோம். ஸ்பேசர் இரண்டையும் கோப்ரல் “பரிசோதனைக்கு” என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி நட் இறுகும்வரை ராஜி பெட்டியை விட்டு எழும்பவில்லை.

“எல்லா நட்டும் பாத்துட்டீங்களா ஐயா?”

“ஓம் பிள்ளை, பார்த்தனான்.”

“இன்னொரு தடவ பாருங்க.”

பார்த்தேன்.

பெண்ணழைப்புக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம். ஏன் சுணக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். “செக்கிங்,” என்றேன். இந்த நாட்டில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. மறுநாள் நேரத்துக்குத் தாலி ஏறியது. சாவடியில் தூக்கிய அதே கையால் செல்வராஜ் தாரை வார்த்தார்.

திரும்பி வருகையில் கடுகண்ணாவையில் எல்லோரும் வழக்கம்போல் இறங்கினோம். அதே கோப்ரல். அடையாள அட்டையைக் கேட்க முதல், “பிள்ளை போய்ச் சேர்ந்தாளா?” என்று கேட்டார். செல்வராஜ் தலையை ஆட்டிவிட்டுக் கல்யாணக் கேக் பெட்டியை நீட்டினார்.

“பரிசோதனை முடிந்தது. உங்கள் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம்,” என்று கோப்ரல் உள்ளே கையைக் காட்டினார். மணல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்பேசரின் மேல் தேநீர்க் கேத்தல் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

“இருக்கட்டுங்க சேர்,” என்றார் செல்வராஜ். “கேத்தலுக்கு ஒத்தாசையா இருக்குல்ல.”

நான் கிட்டப் போய்க் கேத்தலை ஒருக்கா ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.