சாத்திய கதவுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம்

சப்பான்காரன் பினாங்குக்கு வந்த இரண்டாம் வருஷம் எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. எலும்பு முறிக்கும் காய்ச்சல் என்பார்கள். பெயர் சரியானதுதான். பத்து நாள் படுத்தேன். பதினோராம் நாள் டாக்டர் 'வேலைக்குத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது நான் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அத்தகைய சான்றிதழ்களைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. அதில் காய்ச்சலுக்கு இடம் உண்டு, நாடிக்கு இடம் உண்டு. 'நாளை விடியாவிட்டாலும் பரவாயில்லை' என்று எழுத இடம் கிடையாது.

எனக்கு மிஞ்சியது அதுதான். சாப்பாடு மண்ணாக இருந்தது. பிள்ளைகள் பேசினால் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. ஒருநாள் படகுத்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். ஆனால் அதிக நேரம் பார்த்தேன்.

"காய்ச்சல் போயிட்டுது. ஆள் எங்க எண்டுதான் தெரியேல்ல" என்றாள் என் மனைவி கமலம். "நாப்பத்தெட்டு நாள் முருகனிட்டப் போங்கோ."

போனேன். மறுப்பதற்கும் ஒரு மனம் வேண்டுமே.

வழியில் அலுவலக முறைப்படி மனதுக்குள் ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். முதல் பத்தியில் நோய். இரண்டாம் பத்தியில் தற்போதைய நிலை. மூன்றாவதில் கோரிக்கை: எழும்ப வேண்டும் என்று தோன்றுகிற ஒரு காலை. ஒன்றே ஒன்று. அதிகம் கேட்டால் கோப்பு நகராது என்பது எனக்குத் தெரியும்.

மாலைப் பூசை ஆறு மணிக்கு. சரியாக ஆறுக்குப் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. வெயில் சுட்டது. சப்பான்காரன் எங்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தான். ஊரார் வேலைக்கு அந்த நேரம், வீட்டுக்குப் பழைய நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். உத்தரவு உத்தரவுதான் என்று வீட்டுக் கடிகாரத்தையும் திருப்பியவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

ஒன்றரை மணி கழித்து ஐயர் வந்தார். "ஆறு மணிப் பூசையை ஏழரைக்குச் செய்கிறீர்களே?" என்று கேட்டேன்.

"முருகனுக்குச் சப்பான்காரன் உத்தரவு இன்னும் வந்து சேரலை ஓய்" என்று சாவியைத் திருப்பினார்.

மறுநாளும் என் ஆறு மணிக்கே போனேன். தவறு கோயிலுடையது, நான் ஏன் திருத்திக்கொள்ள வேண்டும்? தவிர, போவதற்கு வேறு இடமும் இல்லை.

நான்காம் நாள் படியில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். மாரிமுத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். வேலை முடிந்து நேரே வந்துவிட்டாராம்.

"என்ன கிராணி ஐயா, தினமும் வெயில்ல காயிறீங்களாமே. வடகமா நீங்க?"

காய்ச்சலில் கிடந்தேன் என்றேன்.

"எலும்பு முறிக்கிறதா?"

"அதுதான்."

"அப்புறம் ஒண்ணுமே பிடிக்கலையா? பொண்டாட்டி புள்ள பேசினா யாரோ பேசற மாதிரி இருக்குதா?"

அவரைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர்கூட அதைக் கேட்டதில்லை.

"எனக்கும் போன வருஷம் அப்படித்தான். மூணு மாசம். காய்ச்சல் போகையில நம்மள்ல கொஞ்சத்தையும் தூக்கிட்டுப் போயிடுது லா. திரும்பி வரும் அண்ணே. ஆனா நடந்துதான் வரும், கப்பல்ல வராது."

கோழைத்தனம் என்றும் பைத்தியத்தின் தொடக்கம் என்றும் நான் ஒளித்து வைத்திருந்தது நோயின் மிச்சம்தான் என்று அன்று தெரிந்தது. அதற்கு ஒரு காலவரையும் இருந்தது. காலவரை உள்ள எதையும் ஒரு கிராணியால் பொறுத்துக்கொள்ள முடியும்.

அதன்பின் தினமும் படியில் சந்தித்தோம். "ஏதாச்சும் வந்துச்சா அண்ணே?" என்பார். இல்லை என்பேன். "வரும்" என்பார். பிறகு துறைமுக மேலாளரைத் திட்டத் தொடங்குவார்.

முப்பத்தாறாம் நாள் கமலம் வழக்கம்போல அவித்த மரவள்ளியை வைத்தாள். அரிசி கிடைக்காத காலம். தட்டைப் பார்த்து, "இண்டைக்கும் கிழங்கோ?" என்று எரிந்து விழுந்தேன். இரண்டு மாதத்தில் என் முதல் முறைப்பாடு அது. கமலம் அடுப்படிக்குப் போய் அழுதாள். வந்து முருகன் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

மறுநாள் காலை வேகமாக எழும்பினேன். கிழங்கு விஷயத்தை மாலையில் மாரிமுத்துவிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரம். நான் கேட்டிருந்த காலை அதுதான் என்பது பல் துலக்கும்போதுதான் உறைத்தது. பல்துலக்கியோடு நின்று அழுதேன்.

சப்பான்காரன் சண்டை முடிந்தது. கடிகாரங்கள் திரும்பின. மாரிமுத்து ஊருக்குக் கப்பலேறினார். கோயில் கதவு என் கடிகாரத்தில் சரியாக ஆறுக்குத் திறந்தது. எனக்கு ஏதோ குறைந்தது போலிருந்தது. அந்தக் கதவு திறந்து நான் பெற்றவை பல. சாத்தியிருந்தபோது பெற்றதற்கு அவை ஈடாகா. முருகனுக்கு என் நன்றி அதற்குத்தான்.

ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. பூசை இன்றும் ஆறு மணிக்குத்தான். நான் நாலரைக்கே படியில் இருப்பேன். காய்ச்சல் விட்டும் ஆள் திரும்பாதவர்கள் உங்களில் யாரும் இருந்தால், முருகனை நம்பி வந்து உட்காருங்கள். விண்ணப்பம் தேவையில்லை.