நடிகருக்குப் பின்னால் முருகன்

எங்கள் வீட்டில் தமிழ்ப் பத்திரிகையைக் காலால் மிதிக்க மாட்டோம். தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். அங்கே படித்த கணக்கும் பூகோளமும் எப்போதோ போய்விட்டன. எழுத்து என்றால் சரஸ்வதி என்பது மட்டும் தங்கிவிட்டது. அதனால், அச்சில் வந்தது பொய்யாகவும் இருக்கலாம் என்று என் மகள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது தொண்ணூறுகளின் கடைசி. கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். நானும் மனைவியும் ஒரே மகளும். நான் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மகள் படிவம் நான்கு, பதினாறு வயது. அவளுக்கு இங்கிலீஷ் எடுத்த சீன டீச்சர், பத்திரிகையையும் இன்டர்நெட்டையும் பற்றித் தனியாகப் பாடம் நடத்த ஆரம்பித்திருந்தார். ஒரு செய்தியைப் படித்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டுமாம். யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், எதை விட்டுவிட்டார்கள்.

"சாவு அறிவிப்புக்குமா?" என்று கேட்டேன்.

"அதுக்கும்தான்பா."

"செத்தவரு செத்தது நெசந்தானேம்மா."

"அவரு நல்லவரா இருந்தாருன்னு போட்டிருக்காங்கல்ல, அது?"

மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பாடத்தின் முடிவில் ஆளுக்கொரு ஃபோலியோ, அதாவது துண்டுகளை ஒட்டி அடியில் எழுதுகிற தொகுப்பு, செய்ய வேண்டும். புகழ் பெற்ற ஒருவரை எடுத்துக்கொண்டு, நான்கு வாரம் பத்திரிகை அவரைப் பற்றி என்ன போடுகிறது, இன்டர்நெட்டில் அவர் எப்படித் தெரிகிறார் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். எந்த மொழிப் பத்திரிகையாகவும் இருக்கலாம். டீச்சருக்குத் தமிழ் தெரியாது என்பதால் படம் எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம், என்ன வண்ணம் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் போட்டோஸ்டேட் எடுத்தது செல்லாது, அசல் பத்திரிகைத் துண்டுதான் வேண்டும். நன்றாகச் செய்கிற ஒருவருக்குப் பள்ளி இதழின் ஆசிரியர் குழுவில் இடம். அதுதான் மகளுக்குக் குறி. போன வருடம் எழுதிக் கொடுத்துக் கேட்டாள். உன் இங்கிலீஷ் இன்னும் போதாது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வந்து துணி மடித்தாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அதை நான் பார்த்தேன்.

அவள் ஒரு நடிகரைத் தேர்ந்தெடுத்தாள். கோலாலம்பூருக்குக் கலை நிகழ்ச்சிக்கு வருவதாக இருந்தவர். ஞாயிறு தவறாமல் அவர் படம் வண்ணத்தில் வந்துகொண்டிருந்தது. "அப்பா, இந்தப் பேப்பரையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க, என் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்று சொன்னாள். நானும் சரி என்றேன். தூக்கிப் போடவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நான்காவது வாரம், சனிக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிற கம்ப்யூட்டர் அங்கே ஒரு கடையில் இருப்பதாகக் அவளுடைய கூட்டாளிப் பெண் சொன்னாளாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒரு மாலைக் கடைக்கு மேல்மாடியில் சைபர் கஃபே. கீழே மல்லிகை வாசம், மேலே ஏர்கண்டிஷன் குளிர். கடைக்காரத் தம்பி எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, "அங்கிள், நீங்களும் சாட் பண்ணப் போறீங்களா?" என்றான்.

"நான் காவலுக்கு வந்தேன்பா."

நடிகரின் பக்கம் திறந்தது. படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, முதலில் முடி வந்தது. பிறகு நெற்றி. நெற்றியில் திருநீறு. கண் வருவதற்குள் நான் ஒரு முருகா சொல்லி முடித்துவிட்டேன். கீழே எழுதியிருந்தது: 'இது என் வீடு. இங்கே நான் உங்களிடம் நேரடியாகப் பேசுகிறேன்.' அதற்கும் கீழே, தனக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லை, கலைதான் தன் துணைவி என்று மூன்று பத்தி.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வாசகர் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. மகளை எழுதச் சொன்னேன். "தம்பி, கலையெல்லாம் வயசானா கஞ்சி வெச்சுத் தராது. அம்மா மனசு குளிர ஒரு பொண்ணைப் பாருங்க. முருகன் துணை." அவள் வாயைப் பொத்திக்கொண்டு தட்டினாள். அனுப்பியும் ஆயிற்று. பிறகுதான் பக்கத்தைக் கடைசிவரை இழுத்தாள். அடியில் சின்ன எழுத்தில், இதை உருவாக்கியது காஜாங்கைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் என்று இருந்தது.

"அப்போ அவரு பேசலையா?"

"இல்லப்பா. ரசிகர் ஒருத்தர் பேசுறாரு, அவரு மாதிரி."

"திருநீறு?"

"அது ஏதோ படத்துல போட்டது."

நான் புத்தி சொன்னது காஜாங்கில் ஒரு பையனுக்கு. போகட்டும், அவனுக்கும் அம்மா இருப்பாள்.

ஆனால் மகளின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த மூன்று பத்தியை அவள் ஏற்கெனவே எங்கேயோ படித்திருந்தாள். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு சினிமாப் பக்கத்தில் அதே கலை, அதே துணைவி. அடுத்த ஞாயிறு அதே பத்திரிகை, 'நடிகர் தம் இணையப் பக்கத்தில் உறுதிப்படுத்தினார்' என்று போட்டிருந்தது. பத்திரிகையிலிருந்து அந்தப் பையன் எடுக்க, பையனிடமிருந்து பத்திரிகை எடுத்திருக்கிறது. நடுவில் நடிகர் வாயே திறக்கவில்லை.

"இது போதும்பா. இதைப் பிரின்ட் எடுத்து, பேப்பரையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா டீச்சருக்குத் தமிழே தெரிய வேணாம்." திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே பேசிக்கொண்டு வந்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவள் சந்தோஷம் முழுசாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பத்திரிகைகளை இழுத்தாள். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே தாள் புரளும் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் நடுவில் பிள்ளையார் அளவுக்கு ஓட்டை. தும்பிக்கை, காது, வயிறு எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஓட்டை வழியாக அவள் முகம் தெரிந்தது.

சாமி படம் வந்த பத்திரிகையை அப்படியே விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பத்திரிகை பிறகு அலமாரிக்கு விரிப்பாகும், மீன் சுற்றப் போகும், குப்பைக் கூடைக்கு அடியில் ஈரத்துக்குக் கிடக்கும். அதற்கு முன்னால் சாமியை எடுத்துவிட வேண்டும். நான் சுற்றி ஓரமாக, வேல் நுனி போகாமல், மயில் தோகை கெடாமல் வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். டின் நிறைந்ததும் மோரிப் கடலில் விட்டுவிட்டு வருவோம். நான்கு வாரமாக அவள் கட்டிலுக்கு அடியிலும் அந்தக் கடமையைத் தவறாமல் செய்திருந்தேன். பின்பக்கம் யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. ஞாயிறு பத்திரிகையில் வண்ணம் அடிக்கிற தாள் ஒன்றுதான் போலிருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஆன்மீகம், மறுபக்கம் சினிமா.

"தூக்கிப் போடாதீங்கன்னு சொன்னேன்ல."

"போடலையேம்மா. வெட்டினேன்."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டின் எங்கே என்று மட்டும் கேட்டாள். நல்லவேளை, நிறையவில்லை. தரையில் துணி விரித்து ஒவ்வொன்றாகத் திருப்பினோம். மயில் தோகை வடிவத்தில் நடிகரின் சிரிப்பு. லட்சுமியின் தாமரைக்குள் அவருடைய கல்யாண மறுப்பு. அந்தந்த ஓட்டையில் வைத்து மேலே டேப் போட்டால் பக்கம் முழுசாகிவிடுகிறது. அதுவரை சரி. பிறகு அதை அளவாக வெட்டி ஃபோலியோவில் ஒட்ட வேண்டும். நடிகர் மேலே தெரிய வேண்டுமென்றால் பசை முருகன் முகத்தில்.

மகள் கோந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்க சரின்னா ஒட்டுறேன்பா. வேணாம்னா இன்டர்நெட்டை மட்டும் வெச்சுக் குடுத்துடுறேன்."

"பாதி மார்க்குதானே வரும்?"

"பாதியும் வராது."

ஆசிரியர் குழு பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அறைக்குள் போன நேரத்தில் ஒட்டிவிட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்படிச் செய்யாமல் காத்திருந்தாளே, அதுதான் என்னைப் போட்டு அழுத்தியது. சாமி மேடையைப் பார்த்தேன். அங்கிருந்து யோசனை ஒன்றும் வரவில்லை.

யோசனை சமையலறையிலிருந்து வந்தது. "ரெண்டு பேரும் துக்க வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க. தாள்ல சன்னல் வெட்டி வெச்சா ஒட்ட வேண்டியதில்லைலா" என்றாள் மனைவி.

மணிலா அட்டையில் அளவாகச் சன்னல் வெட்டி, துண்டின் ஓரத்தை மட்டும் டேப்பால் பிடித்துவிட்டால் இந்தப் பக்கம் நடிகர், அட்டையைத் திருப்பினால் சாமி. யார் முகத்திலும் பசை இல்லை. அன்று மத்தியானமும் மறுநாள் ஞாயிறு முழுவதும் நான் சன்னல் வெட்டினேன். அவள் அடியில் எழுதினாள். ஒன்பது சன்னல். திங்கட்கிழமை ஃபோலியோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான்.

டீச்சர் முதலில் நடிகரைப் பார்த்தாராம். பிறகு அட்டையைத் திருப்பினாராம். இது யார், ஏன் பின்னால் இருக்கிறார் என்று கேட்க, மகள் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள், அப்பா வெட்டியது வரைக்கும். டீச்சர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் பத்திரிகை வண்ணத்தில் போடுவது நடிகர், சாமி என்று இந்த இரண்டு பேரைத்தானா என்றாராம். அந்த வாரமே பெயர் அறிவித்துவிட்டார்கள். பள்ளி இதழில் என் மகளுக்கு இடம். நான் பத்திரிகைக்குச் செய்த கெடுதல்தான் அவளுடைய கண்டுபிடிப்பாகப் போயிற்று. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அருள் என்று வைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் கார்டு வாங்கப் போன அன்று ஃபோலியோவை நூலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். விரித்து வைத்த அட்டையில் நடிகர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மயில் தோகை வெட்டின கோடு டேப்புக்கு அடியில் தெரிந்தது. அதன் பின்னால் யார் என்று எனக்குத் தெரியும். கை தானாகக் குவிந்துவிட்டது. கண்ணை மூடி, பிள்ளைக்கு நல்ல வழி காட்டப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் இன்னொரு பிள்ளையின் தகப்பன். என்னைப் பார்த்தார், நடிகரைப் பார்த்தார்.

"என்னாண்ணே, அவ்வளோ பெரிய ரசிகரா?"

"இல்லைங்க, பின்னால முருகன் இருக்காரு."

"இருப்பாருண்ணே, இருப்பாரு," என்று என் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். பத்தடி தள்ளி மகள் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில், "இதை இதழ்ல எழுதட்டாப்பா?" என்று கேட்டாள்.

"எழுதிக்கோ. பேரு மட்டும் போடாதே."

இதழ் வந்தது. அதன் மலாய்ப் பகுதியில் அவளுடைய முதல் கட்டுரை, படத்தோடு ஒரு முழுப் பக்கம். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பேர் போடவில்லை. ஆனால் அதில் இருந்த தகப்பன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். கண்கள் கலங்கிக் கண்ணீர் கன்னத்தில் வழிந்திருந்தது.

"நான் ஷூவைக் கழட்டினேனாம்மா?"

"இல்லப்பா."

"அழுதேனா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா நின்னாரு, கும்பிட்டாருன்னு எழுதினா யாருப்பா படிப்பாங்க?"

மனைவி இதழைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்த்தாள், மகளின் பேரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை ஆசையா எழுதியிருக்கா. கொஞ்சம் அழுதுதான் வெச்சிருக்கக் கூடாதா நீங்க?"