மூன்று எழுத்து கொடுத்தால் ஒரு வார்த்தை

முதலில் விழுந்தது செம்பு. காலையில் முகம் கழுவத் தண்ணீர் மொண்ட என் கணவரின் வலது கையிலிருந்து நழுவி அது முற்றத்தில் உருண்டது. விடிந்ததும் விடியாததுமாக என்ன சத்தம் என்று அடுக்களையிலிருந்து கத்தினேன். எட்டிப் பார்த்தால், அவர் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்திருந்தது. "அது... அது..." என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பிறகு வலது காலும் மடங்கியது.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் அல்ல. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே இதில் புத்திமதி இருக்காது. எங்கள் வீட்டில் நடந்தது இருக்கும்.

புதுக்கடை என்ற ஊருக்கு அடுத்த ஒரு மிஷன் பள்ளியில் அவர் இங்கிலீஷ் வாத்தியார். வில்வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவரைப் படுக்க வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பாதி செயலற்றுப் போவது) என்றார்கள். எழுந்து நடமாடாமல் படுத்திருக்க வேண்டும். படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்துவதால் தோல் கன்றி வரும் புண்) வராதபடி புரட்டிப் புரட்டி விடவேண்டும். கை தானாக மடங்காவிட்டாலும் நாம் மடக்கி நீட்ட வேண்டும். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நல்ல பக்கமான இடப்பக்கக் கடைவாயில் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். எல்லாம் செய்தேன். கால் மெல்லத் திரும்பியது. கம்பை ஊன்றி நின்றார். பேச்சுதான் திரும்பவில்லை.

"நாக்குல ஒரு குறையும் இல்லியே டாக்டரே, பின்ன ஏன் பேச மாட்டேங்காரு?" என்று கேட்டேன்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கும்மா. நினைக்கிறதும் நல்லாத்தான் நினைக்கிறாரு. நினைச்சதுக்கு ஏத்த சொல்லைத் தேடி எடுக்க முடியல. இதை அஃபேசியா (புத்தி தெளிவாக இருந்தும் சொல் கிடைக்காமல் போவது) என்பாங்க."

"திரும்பி வருமா?"

"கொஞ்சம் வரலாம். எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது."

ஆளாளுக்கு ஒரு எண்ணெயும் ஒரு வேரும் சொல்லி, எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தெரியாது என்று சொன்ன அந்த ஒரு மனிதரைத்தான் நான் நம்பினேன்.

எங்கள் அவசரம் வேறு. மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. எங்கள் சபையில் பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்பார். தகப்பன் எல்லாருக்கும் முன்னால் "நான்" என்று வாயால் சொல்லவேண்டும். ஒரே ஒரு சொல். அதை அவரிடம் சொல்லச் சொல்லிப் பார்த்தோம். கழுத்து நரம்பு புடைக்கும், கண் கலங்கும், சொல் வராது.

அவருடைய தம்பி தாவீது ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"மைனி, அண்ணனக் கொண்டு நிறுத்தி, அவரு வாயத் திறக்காம நின்னா நாணக்கேடு ஆயிராதா? நான் நின்னு சொல்லியேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பையை என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் எஸ்தர் சொல்லிவிட்டாள்: "சித்தப்பா, அப்பா சொல்லாம நான் தாலி கெட்டிக்க மாட்டேன். மாப்பிள வீட்டுல வேணும்னா போய்ச் சொல்லுங்க." அவள் அப்படியே என் மகள்.

அவள்தான் ஒரு மத்தியானம் வழியையும் கண்டுபிடித்தாள். அன்று அவர் தொண்டையைக் காட்டிக் காட்டி இடது கையால் கட்டிலை அடித்தார். கஞ்சி கொண்டுபோனோம், தலையணையை மாற்றினோம், விசிறினோம். எதுவும் இல்லை. கடைசியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டார். நானும் அழுதேன். எஸ்தர் மட்டும், அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று, தன் பழைய சிலேட்டைத் தேடி எடுத்துவந்து மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை எழுதி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். டபிள்யூ, டி, ஆர்.

அது அவருடைய வகுப்பு விளையாட்டு. கரும்பலகையில் மூன்று எழுத்தை எழுதுவார். அந்த மூன்றும் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிள்ளைகள் தேடிச் சொல்லவேண்டும். எழுத்து முன்னே பின்னே இருக்கலாம், நடுவில் வேறு எழுத்தும் வரலாம். எஸ்தர் அதை அப்பாவோடு விளையாடியே வளர்ந்தவள்.

அவர் சிலேட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "வா... வாட்டர்," என்றார். முழுசாக, தெளிவாக! நான் ஓடிப்போய்க் கொண்டுவந்த தண்ணீரில் பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

அதற்குப் பிறகு எழுத்துகளைக் கொடுத்தால் ஏதாவது ஒரு வார்த்தை வந்தது. ஆனால் எல்லாம் இங்கிலீஷ். பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? "வாத்தியாரு இப்பம் தொரை ஆயிட்டாருல்லா!" என்றார்கள். அவர்கள் சிரித்ததைவிட என் மனசு செய்ததுதான் மோசம். எனக்கு அந்தப் பாஷைமேல் பொறாமை வந்தது. இத்தனை வருஷம் என்னோடு தமிழில் சண்டை போட்ட மனிதரிடம், எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லையா? சிலேட்டில் தமிழ் எழுத்துகளை எழுதிக் காட்டினேன். எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இங்கிலீஷ் வார்த்தையை அவர் தினமும் தேடித்தேடி எடுத்துப் பழகியிருக்காரு. அந்தத் தடம் இன்னும் இருக்கு. தமிழை அவர் எப்பவாவது தேடியிருக்காரா? அது தானா வந்துச்சு. இப்போ தேடச் சொன்னா எங்கே போய்த் தேடுவாரு?" என்றார். அது ஆறுதலா இல்லையா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. சிறுமியாக இருந்தபோது மிஷன் தையல் வகுப்பில் வெள்ளைக்காரப் பெண்களின் கைக்குட்டைகளில் அவரவர் எழுத்தைப் பூத்தையலாகப் போட்டிருக்கிறேன். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் எஸ்தர் இல்லாத நேரங்களில் சிலேட்டைத் தூக்கினேன். சோறு வேண்டுமா என்று கேட்க அவளிடம் கேட்டு வைத்திருந்த ஆர், ஐ, சி மூன்றையும் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கிரிக்கெட்," என்றார். நான் விழித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. நோய் வந்தபின் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

கல்யாணம் நெருங்கியது. நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். எஃப், டி, எச் என்ற மூன்று எழுத்துகளைச் சிவப்பு நூலில் ஒரு கைக்குட்டையில் தைத்தேன். கேள்வி வந்ததும் அதைப் பார்த்து "ஃபாதர்" என்று சொன்னால் போதும். போதகரிடம் கேட்டதற்கு, "கர்த்தருக்கு இங்கிலீஷும் தெரியும் அம்மா," என்றார். ஆனால் அந்த எழுத்துகளுக்குள் வேறு வார்த்தைகளும் இருந்தன. பழகும்போது சில நாள் "ஃபாதர்" வரும், சில நாள் "ஃபெதர்" வரும். ஃபெதர் என்றால் இறகாம். "இறகா வந்து பொண்ணக் குடுக்கும்?" என்றார் தாவீது. அந்தப் பேச்சு என் கணவர் காதிலும் விழுந்தது.

கல்யாணத்தன்று அவருக்கு வேட்டி கட்டி, கோட்டு மாட்டி, கைக்குட்டையை இடதுபக்கப் பையில் வைத்தேன். ஆலயத்தில் எஸ்தருக்குப் பக்கத்தில் கம்பை ஊன்றி நின்றார். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். போதகர் கேட்டார்.

அவர் கம்பை இடுப்பில் சாய்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. யாரோ இருமினார்கள். போதகர் காத்திருந்தார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் தாவீது தோளில் நேரியலைச் சரிசெய்துகொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தார்.

இவர் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. கைக்குட்டை கீழே விழுந்தது. கம்பைப் பிடித்துத் தரையில் ஓங்கி ஒரு குத்து.

"ஏலே, தள்ளி நில்லு! நான்லா அப்பன்!"

ஆலயம் முழுக்கக் கேட்டது. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு எல்லாரும். போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அது போதும்," என்றார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தள்ளி நின்ற தாவீது நேரியலில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு தேடலை, அதான் கிடைச்சுது," என்றார் டாக்டர், பிறகு கேட்டபோது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மறுநாள் தண்ணீருக்கு மறுபடி சிலேட்டை எடுத்தோம். கோபம் வரும்போது மட்டும் தமிழ் தெறித்து வந்தது. ஆகவே அவரைக் கோபப்படுத்துவதை நான் ஒரு வைத்தியமாகவே செய்தேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. மெல்ல மெல்லக் கோபமில்லாமலும் சில சொற்கள் வந்தன. "ஏட்டி" என்று என்னைக் கூப்பிட்ட அன்று நான் வேண்டுமென்றே காது கேளாதவள்போல இருந்தேன், இன்னொருமுறை கூப்பிடட்டும் என்று. கூப்பிட்டார்.

வலது கை மட்டும் சாக்குக்கட்டி பிடிக்கத் திரும்பவே இல்லை. பள்ளிக்கு வேறு வாத்தியார் வந்துவிட்டார். தெருவில் நடக்கும்போது நான் எப்போதும் அவருடைய வலப்பக்கம் நடக்கிறேன். தனியாகச் சந்தைக்குப் போகும்போதுகூட என் இடது தோள், ஒருவர் சாய்வதற்காகச் சற்று விறைத்தே இருக்கிறது. இனி அது மாறாது.

முன்பெல்லாம் கேள்வி முடியுமுன் பதில் சொல்லும் வீடு எங்களுடையது. இப்போது நான் ஒன்று கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தால், நறுக்கி முடிக்கும்போது பதில் வருகிறது. அந்த இடைவெளி முதலில் என்னைக் கொன்றது. இப்போது அதற்குள்தான் நாங்கள் வாழ்கிறோம்.

எஸ்தர் புருஷன் வீட்டுக்குப் போனபின் சாயங்காலங்களில் சிலேட்டு அவர் மடியில். இடது கையால் கோணலாக மூன்று எழுத்து எழுதி என்னிடம் நீட்டுவார். நேற்று எல், எம், பி. "லாம்ப்," என்றேன், பெருமையாக. "இன்னும்," என்றார். எனக்கு வேறு தெரியாது. தெரியாது என்றும் சொன்னேன். அவர் சிலேட்டைத் திருப்பி வாங்கவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அவசரமே இல்லாமல், எனக்காகக் காத்திருந்தார்.