பெட்டி கட்டிய பாவம்

நெடுந்தூரம் நடக்கப் போகிறவர்கள் தங்கள் சாமான்களை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் போனில் நான் பார்த்த வீடியோவில் இருபது நிமிடம் விளக்கினாள். வீட்டை யாருக்காவது வாடகைக்கு விடுங்கள். வேண்டாததை விற்றுவிடுங்கள். மிச்சத்தைப் பெட்டிகளில் போட்டு, உள்ளே இருப்பதை மேலே எழுதி, அதற்கென்றே இருக்கும் கிடங்கில் வையுங்கள். பூச்செடிகளை நண்பர்களிடம் கொடுங்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மனசு லேசானது போல் இருக்கிறதல்லவா என்று கேட்டாள். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒழுகும் தகரத்துக்குக் கீழே வாளி வைத்துவிட்டு உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினேன். புத்தி கெட்டுப்போக இருபது நிமிடம் தாராளமாகப் போதும்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துப் பாடசாலையில் குடியியல் படிப்பிக்கிறேன். அம்மா கொழுந்து பறித்தவர். அவர் போய் நாலு வருடமாகிறது. அவர் இருந்த காம்பராவில் நான் தனியாக இருக்கிறேன். முன்னால் திண்ணை போல ஒரு இஸ்தோப்பு, நடுவில் ஒரு அறை, பின்னால் சமைக்கக் குசினி. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் கிடையாது.

ஆகஸ்ட் விடுமுறையில் என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த இரண்டு பேரும் நானும் பதினெட்டு நாள் நடப்பது என்று முடிவு செய்தோம். மலைநாட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகப் போகும் ஒரு பாதை. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து அதில் நடக்கிறார்கள். எங்கள் பெண்கள் தினமும் மலைக்கு ஏறுவதும் அதே பாதையில்தான். அதற்காக யாரும் அவர்களைப் படம் எடுத்துப் போடுவதில்லை. எடுத்தால் கூடையோடு நின்று சிரிக்கச் சொல்லி எடுப்பார்கள்.

பக்கத்துக் காம்பரா அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். என்னை விடப் பத்து வயது மூத்தவர். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். நான் பிறந்ததிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நடக்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"எந்தச் சாமிக்குத் தங்கச்சி?"

கதிர்காமத்துக்கு நடந்தால் அவருக்குப் புரியும். சிவனொளிபாத மலை ஏறினால் புரியும். எந்தச் சாமிக்கும் இல்லை, சும்மா நடக்கப் போகிறோம் என்றேன்.  உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று அக்கா மெதுவாகக் கேட்டார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் சரிவில் ஏறி இறங்கி, சாயங்காலம் கால் வீங்கி வருகிற மனுஷியிடம், சந்தோஷத்துக்காக நடக்கிறேன் என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தாமார் இந்தியாவிலிருந்து வந்திறங்கி மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தபோது சாமானை எங்கே வைப்பது என்ற கவலை அவர்களுக்கு இருக்கவில்லை. சாமானே இருக்கவில்லை. எனக்கு இருந்தது. பூட்டு வேலை செய்யாத ஒரு அலுமாரி. ஒரு டீவி. கேஸ் அடுப்பு. அம்மாவின் பித்தளைக் குடம். சடங்கு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கிடைத்து, ஒரு நாளும் யாரும் வாய் வைக்காத கண்ணாடிக் கோப்பைகள் நிறைந்த ஒரு ஷோகேஸ். ஒரு பெட்டைக் கோழி. இரண்டு வளையல்.

வளையலுக்கு வழி இருந்தது. எங்கள் பக்கத்தில் நகையைப் பத்திரமாக வைக்க வேண்டுமென்றால் அடகு வைப்போம். காசு தேவையில்லாதவர்களும் வைப்போம். கடைக்காரர் நமக்கு வட்டி போட்டுக் காவல் காப்பார். வெள்ளைக்காரப் பெண் சொன்ன கிடங்கு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பெயர்தான் வேறு. கோழி அக்காவிடம் போனது. மிச்சத்துக்குப் பெட்டி வேண்டும் என்று டவுனில் பலசரக்குக் கடை நானாவிடம் போய் நின்றேன். பிஸ்கட் வந்த பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். வீடு மாறுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பெட்டி வாங்கிப் போகிறவர்களில் யார்தான் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மாலையே அக்கா இஸ்தோப்புக்கு வந்துவிட்டார். பெட்டிகளைப் பார்த்ததும் அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, பெட்டி கட்டாதீங்க. கொடியில நாலு துணி கெடக்கட்டும். அடுப்புல சட்டி இருக்கட்டும். சாயங்காலம் நான் வந்து வெளக்குப் போடுறேன். பொகை வராத வீட்ட ஆபீஸ்ல பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க."

அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா. பேர் பதிந்தவர் செத்துப்போய், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால், ஆள் புழங்குகிற வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆள் இல்லை என்று தெரிந்தால் கேட்பதற்கு ஆள் வரும். எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் நான் குடியியல் டீச்சர். பிரசையின் உரிமைகள் என்ற பாடத்தை வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதுகிறவள். பதினெட்டு நாள்தான் அக்கா, பதினெட்டு வருடம் இல்லை என்று சிரித்தேன். மழைக்காலம், எலி, பூஞ்சணம் என்று அவருக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். ஊருக்கு உபதேசம் பண்ணிப் பழகிய வாய் சும்மா இருக்குமா.

அக்கா வீட்டில் அவர், புருஷன், மகன், மருமகள், இரண்டு குமரிப் பிள்ளைகள். தை மாதம் கல்யாணம் கட்டிய மகனும் மருமகளும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார்கள். இதுவும் எனக்குத் தெரியும். சுவர் மெல்லியது. ஆறு பேர் ஒரு காம்பராவிலும் நானும் ஷோகேஸும் இன்னொரு காம்பராவிலும் இருந்ததைப் பற்றி நான் அதுவரை ஒரு நிமிடமும் யோசித்ததில்லை.

மூன்று நாள் பெட்டி கட்டினேன். சமையல், துணி, புத்தகம், கண்ணாடி கவனம் என்று ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன். திரைச்சீலையைக் கழற்றித் துவைத்து மடித்தேன். சாமிப் படங்களை இறக்கிப் பேப்பரில் சுற்றினேன். அதைப் பார்த்து அக்கா உச்சுக் கொட்டினார், சாவு வீட்டிலும் சாமியை இறக்க மாட்டோம் என்றார். பெட்டிகளை மூலையில் அடுக்கித் தறப்பாள் போட்டு மூடி, சிமெந்துத் தரையைக் கழுவி, வாசலில் நின்று பார்த்தேன். அறை அவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் இருந்ததில்லை. படம் எடுத்து டீச்சர்மார் குழுவில் போட்டேன். இருபது பேர் கைதட்டினார்கள்.

எங்கள் லயத்தில் ஒரு வீடு எப்போது அப்படி இருக்கும்? ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார்களாம். கொழும்புக்கு ஒரேயடியாகப் போகிறவர்கள் இப்போதும் அப்படித்தான் வைக்கிறார்கள். நான் நடக்கிறேன் என்று சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. டீச்சருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, கண்ணூறு படும் என்று மறைக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். மேல் லயத்திலிருந்து ஒருவர் வந்து, போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் போன் எடுக்கச் சொன்னார். இன்னொருவர் கேஸ் அடுப்பை யாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று விசாரித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாரத்தைக் குறைப்பதற்கென்று வாங்கிய சாமான்களால் என் பை கனத்தது. இரண்டாம் நாளே குதிகால் உரிந்தது. கந்தப்பளைக்கு மேலே ஒரு ஏற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கி நின்றபோது, தலையில் கொழுந்து மூட்டையோடு, ரப்பர் செருப்போடு ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனார். எங்கே போறீங்க என்று கேட்டார். பதில் கேட்க நிற்கவில்லை. அவருக்குக் கொழுந்து நிறுக்கிற நேரம்.

பத்தாம் நாள், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது அக்காவின் மகன் போன் எடுத்தான். கூரைத் தகரம் பார்க்க வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ஜன்னல் வழியாக என் பெட்டி அடுக்கைப் பார்த்திருக்கிறார். ஆபீசில் சொல்லியிருக்கிறார். அடுத்த டிவிஷனில் ஒருவர் ஏற்கெனவே காம்பரா கேட்டு நின்றாராம். ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் புதுப் பூட்டோடு வந்துவிட்டார்கள். அக்கா வாசலில் குறுக்கே நின்று, வீடு காலியில்லை, இங்கே என் மகனும் மருமகளும் இருக்கிறார்கள் என்று சொல்லி, சாவியைப் போட்டுத் திறந்து, மருமகளைச் சோற்றுச் சட்டியோடு உள்ளே தள்ளியிருக்கிறார். அன்றிலிருந்து அவர்கள் அங்கேதான். அவன் தோட்டத்தில் வேலை செய்கிறவன் என்பதால் ஆபீசில் காம்பராவுக்கு அவன் பேரையே பதிந்துவிட்டார்கள்.

எனக்கு வந்தது கோபம்தான். நன்றி இல்லை. நேரம் பார்த்து வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன். தோழிகளை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பத்து நாள் நடந்த தூரத்தை பஸ் அரை நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

என் குசினியில் புகை வந்துகொண்டிருந்தது. கொடியில் ஒரு பாவாடையும் ஆம்பளைச் சாரமும். உள்ளே சாமிப் படங்கள் பழைய ஆணிகளில் திரும்ப ஏறியிருந்தன, நடுவில் அவர்கள் வீட்டு மாரியம்மனும். மருமகள் ஷோகேஸ் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, உட்காருங்க டீச்சர் என்றாள். என் வீட்டில் என்னை உட்காரச் சொன்னாள். பெட்டிகளில் எல்லாம் எழுதியிருந்ததால் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை என்று வேறு சொன்னாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். இது எங்கள் அம்மா வீடு, யாரைக் கேட்டுப் பெட்டியைப் பிரித்தீர்கள் என்று நான் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அந்தப் பெண் பாயைச் சுருட்டத் தொடங்கினாள். அக்கா வாசலுக்கு வந்தார். மகன்தான், நாளைக்கு ஆபீசுக்குப் போவோம் டீச்சர், நீங்களே பேசுங்க என்றான்.

பேசினேன். எவ்வளவு காலமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், என் அம்மா எத்தனை வருடம் இந்த மலைகளில் கொழுந்து பறித்தார் என்று குடியியல் புத்தகத்தின் மொத்தப் பாடத்தையும் ஒப்பித்தேன். கிளாக்கர் மரியாதையாகக் கேட்டார். அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். கடைசியில் தோட்டத்தில் என் பேர் நம்பர் என்ன என்று கேட்டார். எனக்கு நம்பர் இல்லை. அம்மாவின் நம்பரை அவர் செத்த வாரமே வெட்டியிருந்தார்கள்.

"ஸ்கூல் கவர்மெண்ட்டோடது டீச்சர். லயம் தோட்டத்தோடது. நான் என்ன செய்ய?"

அவர் காம்பராப் பதிவைத் திருப்பி என் பக்கம் காட்டினார். அம்மாவின் பேருக்கு மேல் ஒரு கோடு. கீழே அக்கா மகனின் பேர், அவன் மனைவியின் பேர். அதற்குக் கீழே வெற்றிடம். டீச்சர் இவர்களுக்கு யார் என்று கிளாக்கர் கேட்டார்.  பக்கத்தில் நின்ற அக்கா மகன் என்னிடம் படித்தவன், குடியியலில் ஒரு தவணையும் நாற்பது புள்ளியைத் தாண்டாதவன், கடைசி வாங்குப் பலகையில் ஏறி நிற்கச் சொல்லி நான் அவமானப்படுத்தியவன், முந்தின நாள்தான் அவன் மனைவியின் பாயை நான் சுருட்ட வைத்திருந்தேன். அவன்தான் பதில் சொன்னான்.

"சித்திங்க. எங்கம்மாவோட தங்கச்சி. எங்களோடதான் இருக்காங்க."

கிளாக்கருக்கு அது பொய் என்று தெரியும். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கிளாக்கர் பேனாவை எடுத்து என் பேரை எழுதி, உறவு என்ற இடத்தில் சித்தி என்று போட்டார். என் அம்மாவின் காம்பராவில் நான் இருப்பதற்கு இன்றைக்கும் எழுத்தில் இருக்கிற காரணம் அதுதான்.

திரும்பி வரும்போது அறையில் நீங்கள் படுங்கள், எனக்கு இஸ்தோப்பு போதும் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாததால் அப்படிச் சொன்னேன். அவன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து இஸ்தோப்பைப் பலகை வைத்து மறைத்தோம். அவர்கள் அறையில், நான் இஸ்தோப்பில்.

ஆபீஸ் ஆட்கள் யார் காதிலாவது விழுந்துவிடும் என்று அன்றிலிருந்து அவன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. யாரும் இல்லாத நேரத்திலும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான். இன்னும் அந்தப் பயத்தில்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.