வாசலோரத்து அடுப்பு

துரையைப் பார்த்தால் மட்டுமல்ல, கங்காணியைப் பார்த்தாலும் அம்மாக்கண்ணுவின் கை தானாக வாய்க்குப் போய்விடும். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை இழுத்துக்கொண்டிருந்தாலும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பதில் சொல்லுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான் பேசினாள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் அந்த நாளில் பெரியவர்கள் முன்னால் எல்லாருமே அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் கைக்குப் பின்னாலிருந்தும் காரியத்தைச் சொல்லிவிடுவார்கள். அம்மாக்கண்ணுவின் பேச்சு கையைத் தாண்டி வெளியே வராது. உள்ளே கடலையா வைத்திருக்கிறாய் என்று மலையில் பெண்கள் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவள் பிள்ளைக்காம்பரா ஆயா வேலைக்கு ஆசைப்பட்டாள்.

தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. நீளமான ஓர் அறை, வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பால் காய்ச்ச ஓர் அடுப்பு. பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. வெகுகாலமாக வேலாயிக் கிழவிதான் அங்கே ஆயா. ஒருமுறை அவள் மஸ்கெலியாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனபோது, பிரசவம் ஆகி உடம்பு தேறாமல் இருந்த அம்மாக்கண்ணுவைக் கணக்கப்பிள்ளை சில வாரங்கள் அங்கே நிறுத்தினார்.

அவளுக்கு அது இரண்டாவது பிள்ளை, பெண். மூத்தது ஆண். தவழுகிற வயதில் மழைக்காலத்துச் சளியில் போய்விட்டான். ஏன் போனான் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். பால் கொடுக்கிற நேரத்தில் மலையிலிருந்து ஓடிவருவாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தண்ணீர் சொட்டும். நேரம் போனால் கங்காணி அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டுவிடுவான் என்று அந்த ஈர மடியிலேயே பிள்ளையைப் போட்டுப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். தன் மடியின் குளிர்தான் அவனைக் கொண்டுபோனது என்பது அவள் எண்ணம். புருஷன் வீரய்யாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

ஆயாவாக நின்ற அந்த வாரங்களில், பின்மூலையில் கிடந்த அடுப்பை அவள் வாசலோரத்துக்கு மாற்றினாள். நனைந்து வருகிறவர்களுக்கு முதலில் நெருப்புதான் கண்ணில் பட்டது. சொல்லாமலே சாக்கை அவிழ்த்துப் போட்டார்கள், கையை நீட்டிக் காய்ந்தார்கள். அதற்குள் இவள் பிள்ளையைத் துடைத்து எடுத்து வைத்திருப்பாள். சூடான கைக்குத்தான் பிள்ளை போகும். யாரையும் நில்லு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்வதுதான் அவளுக்கு வராதே.

வேலாயி திரும்பி வந்ததும், புகை கண்ணைக் கரிக்கிறது என்று அடுப்பைப் பழைய மூலைக்கே தள்ளிவிட்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் வேலாயியின் கண் அடியோடு போயிற்று. அதே சமயம் தோட்டத்துக்குப் புதுத்துரை வந்தார். கணக்கப்பிள்ளை கைகாட்டுகிறவளை ஆயாவாகப் போடக்கூடாது, ஆசைப்படுகிறவர்களை ஆபீசுக்குள் கூப்பிட்டுத் தானே கேள்வி கேட்டு எடுப்பேன் என்று துரைசானி சொல்லியனுப்பினாள். வரிசை வீடுகளான லயங்களில் இதே பேச்சாகக் கிடந்தது. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசித்தான் அவர்களுக்குப் பழக்கம். உள்ளே போனவர்கள் யாரும் இல்லை.

லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த லெட்சுமிக்கு மட்டும் இதெல்லாம் பயமில்லை. பழைய துரையின் பங்களாவில் அவள் வேலை செய்தவள். புதுத்துரைசானி கொழும்பிலிருந்தே ஆட்களைக் கூட்டிவந்துவிட்டதால், திரும்பவும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்திருந்தாள். அம்மாக்கண்ணுவுக்கு அவள் அக்கா மாதிரி. உப்பும் நெருப்பும் வாங்குகிற பழக்கம். அக்காவும் போவீங்களா என்று அம்மாக்கண்ணு கேட்டபோது, ஊர்ப் பிள்ளைகளின் மூத்திர நாத்தம் தனக்கு ஆகாது என்று மூக்கைச் சுளித்தாள்.

"நீ போ. எப்படிப் பேசணும்னு நான் சொல்லித் தர்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் அம்மாக்கண்ணுவின் காம்பராவில் பாடம் நடந்தது. லெட்சுமி கவிழ்த்துப்போட்ட தேயிலைப் பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்காருவாள். அகப்பையைக் குடைபோல மடியில் வைத்துக்கொள்வாள். மூலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் வீரய்யா, தொரசானிக்கு வெத்தலை வேணுங்களா என்பான். அம்மாக்கண்ணு சிரித்துவிடுவாள். சிரித்தால் மறுபடியும் வாசலிலிருந்து நடந்து வர வேண்டும்.

லெட்சுமி சொல்லித் தந்தது நல்ல பாடம்தான். கையை வாயிலிருந்து எடு. ஏழைங்க, பாத்து செய்யுங்க என்று இழுக்காதே, நீ செய்ததை முதலில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்து. எல்லாவற்றையும்விட, கேட்கிறவள் முகத்தைப் பார்.

அதுதான் அம்மாக்கண்ணுவுக்கு முடியவில்லை. கண் தரைக்கே போனது.

"அவ செருப்பா ஒன்னய வேலைக்கு எடுக்கப் போவுது?" என்றாள் லெட்சுமி. "மூஞ்சியப் பாருடி."

மெல்ல மெல்ல வந்தது. கை கீழே தங்கியது. ஒருநாள் லெட்சுமி, மற்றவர்கள் செய்யாததாக நீ என்ன செய்தாய் என்று துரைசானி கேட்பாள், அதற்கு என்ன சொல்லுவாய் என்றாள். அம்மாக்கண்ணு அடுப்பைப் பற்றிச் சொன்னாள். ஏன் மாற்றினாய் என்று லெட்சுமி விடாமல் கேட்டாள். வீரய்யா அப்போது தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போயிருந்தான். முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியிருந்த அந்த வேகத்தில், யாரிடமும் சொல்லாததை அவள் சொன்னாள். ஈர மடியைச் சொன்னாள். மகனைச் சொன்னாள்.

லெட்சுமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை என்று அம்மாக்கண்ணு பின்னாளிலும் நினைத்தாள்.

"இத அங்கயும் சொல்லு புள்ள. இதக் கேட்டா ஒனக்குத்தான் வேலை."

"அடுப்ப சொல்றேன்க்கா. அவன சொல்ல மாட்டேன்."

லெட்சுமி வற்புறுத்தவில்லை. அடுப்பை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். எந்தப் பக்கம் வைத்தாய், சாக்கை எங்கே போட்டார்கள், கங்காணி என்ன சொன்னான், எல்லாம் கேட்டாள். பாடம் வாய்க்கு வரட்டும் என்றுதான் கேட்கிறாள் என்று அம்மாக்கண்ணு நம்பினாள்.

கேள்வி கேட்கிற நாளில் லெட்சுமி துணைக்கு வந்தாள். வெளுத்த சேலை கட்டியிருந்தாள். ஆபீசுக்குப் போவதால் கட்டியிருக்கிறாள் என்று இவள் நினைத்தாள். விறாந்தையில் இருவரும் நின்றார்கள். மூடுபனி ஆபீஸ் படிவரைக்கும் வந்திருந்தது. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி வாசலுக்கு வந்து, லெட்சுமி யார் என்று கேட்டார்.

பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார் என்று அம்மாக்கண்ணு பதறி ஓர் அடி முன்னே வைத்தாள். லெட்சுமி அவள் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எந்த ஜன்னலுக்கு வெளியே நின்று காலமெல்லாம் பேசினார்களோ, அந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது. துரைசானி கேட்பதைக் கிளாக்கர் தமிழில் சொல்ல, லெட்சுமி கணீரென்று பதில் சொன்னாள். அடுப்பை வாசலோரம் வைப்பேன் என்றாள். சாக்கை அவிழ்க்கச் சொல்லத் தேவையிருக்காது, நெருப்பைக் கண்டால் தானாக அவிழ்ப்பார்கள் என்றாள். அம்மாக்கண்ணு சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுப்பு போனால் போகட்டும், நானும் ஏதாவது சொல்லிக்கொள்வேன் என்று அந்த நிமிஷத்திலும் நினைத்தாள்.

பிறகு லெட்சுமியின் குரல் இறங்கியது.

"எம்மூத்த புள்ள இப்படித்தாங்க போச்சு. எம்மடி ஈரத்துல."

லெட்சுமிக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி ஹட்டனில் கடைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கிளாக்கருக்கு அது தெரியாது. செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஆபீசில் யாருக்குத் தெரியும்? கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார். துரைசானி மூக்கை உறிஞ்சியது ஜன்னல்வரை கேட்டது.

அடுத்து இவளைக் கூப்பிட்டார்கள். அம்மாக்கண்ணு உள்ளே போனாள். கை வாய்க்குப் போகவில்லை. கண் தரைக்குப் போகவில்லை. கற்றதெல்லாம் நினைவிருந்தது. துரைசானியின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. இவளுடைய மகனுக்காக ஈரமாகி, வேறொருத்தியை நினைத்துக்கொண்டிருந்தன.

"நனைஞ்சு வாற தாய்மாருக்கு நீ என்ன செய்வாய் எண்டு கேக்கிறா" என்றார் கிளாக்கர். "சொல்லு பிள்ளை."

அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான். அதை இப்போது சொன்னால் வெளியே நின்று ஒட்டுக்கேட்டுச் சொல்லுகிறாள் என்பார்கள். அது என் பிள்ளை என்று சொன்னால், செத்த பிள்ளைக்கு இருவர் அடித்துக்கொள்வதாகத் தோட்டம் முழுக்கச் சிரிக்கும்.

"அப்படித்தாங்க செய்யணும்" என்றாள்.

எப்படி என்று கிளாக்கர் கேட்டார். கை மெல்ல எழும்பி வாயைப் பொத்திக்கொண்டது.

அடுத்த வாரமே லெட்சுமி ஆயா ஆனாள். பீலிக்கரையில் கண்டபோது அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். நீ உள்ளே போய் வாயைத் திறந்திருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா, யாராவது ஒருத்திக்குக் கிடைக்க வேண்டியதுதானே, உன் பிள்ளையை என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வேன் என்றாள். அம்மாக்கண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் பிள்ளையை விட வேறு இடம் கிடையாது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் மகள் மீனம்மாவை லெட்சுமியின் கையில்தான் கொடுக்க வேண்டும். முதல் மழை நாளில் பால் கொடுக்க ஓடிவந்தபோது, வாசலோரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லெட்சுமி சொன்னபடியே வைத்திருந்தாள். நனைந்து வந்த மற்றத் தாய்மார் கையை நீட்டிக் காய்ந்துகொண்டே, ஆயா அக்காவுக்கு நல்ல மனசு என்றார்கள்.

அம்மாக்கண்ணு சாக்கை அவிழ்த்துப் போட்டாள். தன் அடுப்பில் கையைக் காய்ந்தாள். மகளை வாங்குவதற்கு முன் நிமிர்ந்து லெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்ப நீங்களே வச்சுக்குங்க. எம்புள்ளய எதுக்கு எடுத்தீங்க?"

மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள். லெட்சுமி தொட்டிலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போனது.

அதற்குப் பிறகு மீனம்மா பள்ளிக்கூடம் போகும்வரை, காலையும் பால் நேரமும் மாலையும் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளை குடித்ததை, இருமியதை, தூங்கியதை மட்டும் அம்மாக்கண்ணு கேட்டாள். வளைக்காமல், முகத்தைப் பார்த்து. லெட்சுமி தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். அக்கா என்று அவளை அம்மாக்கண்ணு அப்புறம் கூப்பிட்டதில்லை.