தொழுவம் வந்து சேரும்வரை

"மிஸ் லாட்டி ஃபேன்: கணவனை இழந்த அத்தையின் ஆழ்ந்த மௌனத்தைக் குரலில் வடிப்பவர். நாடகத்தின் ஆன்மா இவருடைய பாட்டில்தான் இருக்கிறது."

நியூயார்க் அரங்கில் கொடுத்த நிகழ்ச்சிக் கையேட்டில் இப்படி அச்சாகியிருந்தது. லாட்டிக்கும் மௌனத்துக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நாடகத்தின் ஆன்மா எங்கே என்று அவளைக் கேட்டிருந்தால், மேடைத் தச்சன் கஸ் பக்கம் கை காட்டியிருப்பாள்.

பழைய இசை நாடகங்களில், திரைக்குப் பின்னால் காட்சியை மாற்றும்போது திரைக்கு முன்னால் யாராவது வந்து பாடுவார்கள். பாட்டுக்கும் கதைக்கும் உறவு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சுத்தியல் சத்தம் வெளியே கேட்காமல் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் கஸ் குதிகாலால் தரையில் தட்டுவான். லாட்டி முடித்துக்கொள்வாள். நாய் வித்தைக்கும் கத்தி வீச்சுக்கும் நடுவே பாடிப் பிழைத்தவளுக்கு இது கைவந்த வேலை.

1944இல், நியூயார்க் போவதற்கு முன் நியூ ஹேவன் ஊரில் நடந்த வெள்ளோட்டத்தின்போது, புது இயக்குநர் லிண்ட்லிக்கு ஞானம் பிறந்தது.

"பாட்டு கதையிலேருந்து முளைக்கணும், மிஸ் ஃபேன். பண்ணை வீட்டுக் கதையில ஐஸ் பெட்டி ஒழுகுற பாட்டுக்கு என்ன வேலை?"

"தொழுவ செட்டை உள்ள தள்ளிக் கொண்டுவர்ற வேலை, தம்பி."

"அதை இருட்டுல மாத்திக்கலாம். அந்தப் பாட்டு நியூயார்க் வராது."

அவளுக்கு இருந்ததே அந்த ஒரு பாட்டுதான். அது வராவிட்டால் அவளும் வர முடியாது.

"இருட்டுலயா?" என்றான் கஸ். "வெளிச்சத்துலயே அது என் கால்ல ஏறுது."

அன்று மாலை காட்சி மாற்ற விளக்கை அணைத்தார்கள். தொழுவத்தின் சக்கரம் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. கஸ் விட்ட வசவு மாடி இருக்கைகள்வரை கேட்டது. சபை முதலில் சிரித்தது, பிறகு இருமத் தொடங்கியது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்த லாட்டியிடம் லிண்ட்லி ஓடிவந்தார்.

"போய்ப் பாடுங்க, மிஸ் ஃபேன்."

"எதைப் பாட? கதையிலேருந்து ஏதாவது முளைச்சுதா?"

"உங்க ஐஸ் பெட்டியையே பாடுங்க, தயவு செஞ்சு."

பாடினாள். ஐஸ் பெட்டி ஒழுகுகிறது. நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று புருஷன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாட்டு முடியப்போகிறது, தட்டும் சத்தத்தைக் காணோம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், மெதுவாக. ஒவ்வொரு "நாளைக்கு"விலும் நிறுத்தி, எரிச்சலோடு பின்னால் திரும்பிக் காது கொடுத்தாள். வாத்தியக்காரர்களும் அவளோடு சேர்ந்து நிறுத்தினார்கள். இருமல் அடங்கியது. போர்முனைக்குப் பிள்ளையை அனுப்பியிருந்த அம்மா ஒருத்தி முன்வரிசையில் கைக்குட்டையை எடுத்தாள். ஒருவழியாகக் கஸ் தட்டினான். லாட்டி மீதியை அவசரமாகப் பாடிவிட்டு உள்ளே போய், "செத்துட்டியோன்னு நெனச்சேன்" என்றாள்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையை லிண்ட்லி எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். இனி வராத கணவனின் காலடிக்காகத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் விதவையாம். லாட்டி நடித்த அத்தைக்குக் கணவன் உண்டா என்பதே அதுவரை நாடகத்தை எழுதியவருக்குத் தெரியாது. மதியத்துக்குள் ஒருவனை உண்டாக்கிச் சாகடித்துவிட்டார்.

"நான் சொன்னேன்ல, பாட்டு கதையிலேருந்து முளைக்கணும்னு," என்றார் லிண்ட்லி. "தினமும் அதே இடத்துல திரும்புங்க."

"அவன் தட்டிட்டா நான் எதுக்குத் திரும்பணும்?"

"தட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

கஸ் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டான். நியூயார்க்கில் அவள் இரண்டாம் அடியைத் தொடுவதற்குள் தொழுவம் வந்து நின்றுவிடும். அவன் பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, திரை வழியாக முணுமுணுப்பான்: "சீக்கிரம் முடி லாட்டி. மாட்டைக்கூடக் கட்டியாச்சு."

எப்போதோ வந்துவிட்ட தொழுவத்துக்காக, நாடகம் ஓடிய காலம் முழுக்க அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். அவளுக்குக் கழுத்து வலி வந்தது.

நியூ ஹேவனில் ஒரு மாலை தொழுவத்தின் சக்கரம் சிக்கிக்கொண்டது. அது நகரும்வரை லாட்டி ஃபேன் பாடினாள்.