பாய், ராமு, சித்தையன்

மைசூரில் பாய் என்ற சொல்லுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. தமிழன் அதை விரித்துப் படுப்பான். வடக்கேயிருந்து வந்து துணிக்கடை போட்ட சேட்டுக்கு அது அண்ணன் தம்பி. அரண்மனைக் குதிரைப்படையில் சேவகம் செய்த மராட்டியர் வீடுகளில் மரியாதைக்குரிய பெண்பிள்ளையைப் பாயி என்பார்கள். கன்னடத்தில் பாயி என்றால் வாய். காய்ச்சல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் முதலில் சொல்வதே "பாயி தெகி", வாயைத் திற, என்பதுதான். கொஞ்சம் அழுத்தம் கூடும், கொஞ்சம் வால் நீளும், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வெள்ளைக்காரன்தான் அந்தச் சத்தத்தை ஒரு மனிதன் தலையில் சுமத்தினான். அவன் பாஷையில் பாய் என்றால் பையன். மீசை நரைத்தாலும் பையன், பேரன் எடுத்தாலும் பையன்.

சித்தையன் அப்படிப் பல வருஷம் பையனாக இருந்தவன். ஹனூருக்குப் பக்கத்தில் மானாவாரிச் சோளக்காட்டை நம்பியிருந்த தமிழ்க் குடும்பம். வானம் தொடர்ந்து ஏமாற்றியதும், கொள்ளேகாலில் மோட்டார் ஏறி மைசூருக்கு வந்துவிட்டான். ஊருக்கு வெளியே, மூங்கில் வேலி போட்ட ஒரு கிளப்பில் வேலை கிடைத்தது. கன்னடத்தில் மூங்கிலைப் பிதிரு என்பார்கள். பிதிரு கிளப் என்று ஊரார் பெயர் வைத்திருந்தார்கள். தோட்டத் துரைகளும் பெரிய உத்தியோகஸ்தர்களும் சாயங்காலம் சீட்டாடவும் குடிக்கவும் வருவார்கள். சித்தையனுக்கு வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டை, விசிறி வைத்த தலைப்பாகை எல்லாம் கொடுத்தார்கள். சுவரோரமாக நிற்கவேண்டும். "பாய்" என்று சத்தம் வந்தால் ஓடவேண்டும். கூப்பிடுகிறவன் முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

கல்யாணம் ஆன புதிதில் அவன் பெண்டாட்டி கமலம்மாள், அங்கே உங்களை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று ஆசையாகக் கேட்டாள். சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாயா? சுருட்டி மூலைல சாத்தி வெக்கறதாட்டமா?" என்றாள். அவனும் கூடச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மாதேஸ்வரன் மலைக்குத் தூக்கிப்போய் முடியிறக்கி வைத்த பெயர் ஒன்று தனக்கு இருக்கிறது. அதை இந்த ஊரில் கூப்பிட ஒரு நாதி இல்லையே என்ற குறை அன்றைக்குத்தான் அவனுக்குப் பிடித்தது.

வீட்டிலாவது கூப்பிடுவார்களா என்றால் அதற்கும் வழியில்லை. கமலம்மாள் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் அம்மா சொல்லி அனுப்பிய பாடம். யாராவது கேட்டால் பக்கத்துக் குடித்தனத்து லிங்கம்மாவை இடித்து, நீ சொல்லு என்பாள். சித்திரை மாசம் என்றுகூடச் சொல்லமாட்டாள். பங்குனி கழிஞ்ச மாசம் என்பாள். முற்றத்துப் பெண்கள் வேண்டுமென்றே அவளிடம் மாசக் கணக்குக் கேட்டுச் சிரிப்பார்கள்.

சுதந்திரம் வந்தது. கிளப்பின் கடைசி வெள்ளைக்காரக் காரியதரிசி கப்பலேறினார். டாக்டர் சக்ரபாணி தலைவரானார். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார், வீட்டில் தமிழ் பேசுகிறவர், அக்ரஹாரத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். கைராசிக்காரர், நல்ல மனுஷர். அதை இல்லையென்று சொல்லக்கூடாது. குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு, வரிசையாக நின்ற வேலைக்காரர்கள் பக்கம் திரும்பினார். கன்னடத்தில் சொன்னதையே சித்தையனைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"இனிமே இந்தக் கிளப்புல யாரையும் பாய்னு கூப்பிடப்படாது. அவாவாளுக்குன்னு பேர் இருக்கு. பேர் சொல்லித்தான் கூப்பிடணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். சித்தையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மல்லிகைப்பூவும் கையுமாக வீட்டுக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னதும், அவன் மகள் நஞ்சம்மா, அப்போது நாலு வயசு, என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். "சித்தையன்னு" என்றான். தன் பெயரைத் தானே சொல்லக் கேட்டு அவனுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வாண்டு முற்றம் முழுக்க ஓடி ஓடி அதைத் தமுக்கடித்தது.

பேச்சு கேட்க நன்றாகத்தான் இருந்தது. காரியத்துக்கு வந்தபோது கனவான்களுக்குச் சிரமமாகிவிட்டது. இத்தனை பேரின் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? வராந்தாவில் நிற்பவன் ஜடையன் என்றால், அவனை ஒருவர் ஜடாயு என்றார், ஒருவர் ஜடாமுனி என்றார், மூன்றாமவர் ச்சு ச்சு என்று சத்தம் கொடுத்தார். கமிட்டி கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. சீட்டாட்ட அறையில் நிற்பவன் ராமு. வராந்தாவில் நிற்பவன் மணி. குடிக்கிற இடத்தில் நிற்பவன் கோபால். ஆள் மாறலாம், பெயர் மாறாது. சின்னப் பெயர், நம் தேசத்துப் பெயர், நாவுக்கும் சுகம். டாக்டருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பேர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம் என்றார். நாய்க்குட்டி வாங்கினவன்கூட அதன் முகத்தைப் பார்த்துப் பெயர் வைப்பான். இங்கே இடத்துக்கு ஒரு பெயர் வைத்து, அங்கே போய் நிற்கிறவன் கழுத்தில் அதை மாட்டினார்கள்.

மணியாகிவிட்ட ஜடையன் கவலைப்படவில்லை. பேரு வெச்சாங்க, சோறும் வெக்கறாங்கல்ல, விடு என்றான். ராமுவாகிவிட்ட சித்தையனால் விட முடியவில்லை. பாய் என்று கூப்பிட்டபோது பெயர் கிடைக்காத குறைதான். ராமு என்று கூப்பிட்டபோது இருந்ததையும் யாரோ பிடுங்கிக்கொண்டாற்போல் இருந்தது.

இதை அவன் வீட்டில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை, அங்கேதான் பாவி கெட்டான். மல்லிகைப்பூ வாங்கிவந்து பெருமை அடித்தவன் எந்த முகத்தோடு சொல்வான்? இன்றைக்குக் கூப்பிட்டார்களா என்று கமலம்மாள் கேட்டால் ம் என்பான். பிறகு அந்த ம் போதாமல் போய், டாக்டரே சித்தையா என்று வாய் நிறையக் கூப்பிட்டார் என்று சேர்த்துச் சொன்னான். பொய்க்குத் தீனி போட ஆரம்பித்தால் அது வளராமல் என்ன செய்யும்? நஞ்சம்மா தகரப்பெட்டி மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "சித்தையா, சோடா கொண்டா" என்பாள். அவன் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் குனிந்து கொடுப்பான். அந்த விளையாட்டில் அவனுக்கு இருந்த சந்தோஷம் குழந்தைக்குக்கூட இருந்திருக்காது.

மறுவருஷம் ஆடி மாசத்து மழையில் நஞ்சம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கஷாயம் குடித்தாள், அப்பனுக்குக் கையாட்டினாள். சாயங்காலம் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. லிங்கம்மா விளக்கைக் காட்டித் தொண்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே வெள்ளையாகத் தோல் படர்ந்திருக்கிறது, இது தொண்டை அடைப்பான், ஓடு என்றாள்.

கமலம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்ரஹாரத்துக்கு ஓடினாள். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மட்டும் இருந்தார். டாக்டர் கிளப்புக்குப் போய்விட்டார், ஊசிமருந்து இங்கே இருக்கிறது, அவர் வந்து போட்டால் பிழைக்கும் என்றார். உன் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கிறார், அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல், டாக்டர் உடனே எழுந்து வருவார், நான் கதவைச் சாத்தாமல் காத்திருக்கிறேன் என்றார். அவள் மழையோடு மழையாகக் கிளப்புக்கு ஓடினாள்.

வாசலில் துக்கோஜி என்ற மராட்டியக் காவல்காரன் இருந்தான். வேலைக்குப் புதுசு. பாயி, பாயி என்று மரியாதையாகத்தான் பேசினான். வெளியாரை உள்ளே விடக்கூடாது. வேலைக்காரர்களுக்குச் சேதி இருந்தால் ஆபீஸ் ஜன்னலில் சொல்லலாம். உன் புருஷன் யார் என்று கேட்டான்.

கமலம்மாள் நின்றாள். இடித்து, நீ சொல்லு என்பதற்கு லிங்கம்மா பக்கத்தில் இல்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் காதோரம் விசிலடிக்கிற இந்த மூச்சு என்னாவது? கண்ணை இறுக மூடிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகச் சொன்னாள்.

"சித்தையனுங்க."

துக்கோஜி ஆபீஸ் ஜன்னலுக்குப் போனான். குமாஸ்தா பசவராஜும் புதியவன்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ராமு, மணி, கோபால். போதாததற்கு டாக்டரைப் பிடிக்கவேண்டும் என்று வருகிறவர்கள், உள்ளே என் மச்சான் இருக்கிறான், மாமன் இருக்கிறான் என்று புளுகுவது அங்கே அன்றாட வழக்கம். சித்தையனும் இல்லை, புத்தையனும் இல்லை, எல்லாம் டாக்டரைத் தேடி வந்த கூட்டம், பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

காவல்காரன் திரும்பி வந்து, அப்படி ஓர் ஆளே இங்கே இல்லையாம் பாயி என்று வருத்தத்தோடு சொன்னான். அவளுக்கு நம்ப முடியவில்லை. டாக்டரே வாய் நிறையக் கூப்பிடுகிற பெயர் எப்படி இல்லாமல் போகும்? வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, வெளிச்சம் தெரிந்த பக்கம் பார்த்து, சித்தையா, சித்தையா என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அந்த வெளிச்சம் சீட்டாட்ட அறையுடையது. சித்தையன் அங்கே டாக்டர் சக்ரபாணியின் கிளாசில் சோடா ஊற்றிக்கொண்டிருந்தான். மழைச் சத்தத்துக்கும் கிராமபோன் பாட்டுக்கும் நடுவே தன் பெயர் போல ஏதோ கேட்டது. பெண் குரல். இந்த ஊரில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்தப் பெண் இருக்கிறாள்? கமலம்மாள் செத்தாலும் சொல்லமாட்டாள். கூப்பிடமாட்டார்களா என்று ஏங்கி ஏங்கிக் காதே ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"யாருப்பா கேட்டுல கத்தறது? ராமு, அந்த ஜன்னலைச் சாத்து" என்றார் டாக்டர், கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி.

சித்தையன் போய் ஜன்னலைச் சாத்தினான்.

கமலம்மாள் பெரியாஸ்பத்திரியை நோக்கி நடந்தாள். ஜட்கா ஒன்றும் அகப்படவில்லை. பாதி வழியில் காதோரம் கேட்ட விசில் நின்றது. குழந்தைக்கு மூச்சு லேசாகிவிட்டது என்று நினைத்து இன்னும் வேகமாக நடந்தாளாம். ஆஸ்பத்திரி நர்ஸ்தான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள்.

சித்தையன் வீடு திரும்பியபோது முற்றத்தில் பாய் விரித்திருந்தது. சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் மகள் தலைமாட்டில் விழுந்தான். கமலம்மாள் அழவில்லை. அழுகை முடிந்து வேறெதற்கோ வந்திருந்தாள்.

"பேரு சொன்னனுங்க" என்றாள். "நீங்க சொன்னீங்களேன்னு பேரைச் சொல்லிக் கேட்டனுங்க. அப்புடி ஆளே இல்லைன்னுட்டாங்க."

அவன் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ராமுன்னு கேட்டிருக்கோணும்" என்றான்.

"அது யாருங்க?"

"நாந்தான்."

அவள் அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான், திட்டவில்லை, அடிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தியதையும் அவனே சொன்னான். 

அடக்கம் முடிந்த மறுநாள் டாக்டர் சக்ரபாணி வீடு தேடி வந்தார். கம்பவுண்டர் சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. வந்தவர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். வாசலில் நின்று அவன் தோளைத் தொட்டு, "என்னண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாடா, ராமு? ஓடி வந்திருப்பேனே" என்றார். ஓடி வந்திருப்பார்தான், அதில் சந்தேகமில்லை. சித்தையன் பழக்கதோஷத்தில், "ஆமாங்க சார்" என்றான்.

உள்ளே இருந்து கமலம்மாள் இதைக் கேட்டாள்.

அவர் தெருமுனை தாண்டியதும் முதல் குரல் வந்தது. "சித்தையா."

முற்றத்துப் பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தண்ணீர் மொண்டு வை என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். வாங்க போங்க என்ற மரியாதை இல்லை, ஏனுங்க என்ற இழுப்பு இல்லை. அதற்குப் பிறகு அவள் அவனை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. குழாயடியில் நின்று கூப்பிடுவாள். சந்தையில், நாலு பேர் பார்க்க, வெங்காயக் கடைக்கும் தேங்காய்க் கடைக்கும் நடுவே நின்று கூப்பிடுவாள். லிங்கம்மா பொறுக்கமாட்டாமல், கட்டின புருஷன் பெயரை இப்படி ஏலம் போடலாமா, அவன் ஆயுசு என்னாவது என்று கேட்டாள்.

"ஒருத்தியாச்சும் சொல்லிப் பழகிக்கோணும்" என்றாள் கமலம்மாள். "இல்லாட்டி மறுக்கா அவசரம்னா யாருக்குத் தெரியும்?"

சித்தையன் கிளப்பை விடவில்லை. விட்டால் சோற்றுக்கு எங்கே போவான்? தலை நரைக்கும் வரை சீட்டாட்ட அறையில் ராமுவாக நின்றான். ஒரு நாள் ராமு வேலையிலிருந்து நின்றுவிட்டான், அடுத்தவன் வந்து ராமுவானான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆயுசு மட்டும் குறையவே இல்லை. வயசாகி வீட்டோடு கிடந்த காலத்திலும் உள்ளேயிருந்து அந்தக் குரல், சித்தையா என்று, நாளைக்குப் பத்துத் தடவை வரும். அவன் ஒவ்வொரு தடவையும் எழுந்து போனான்.